‘பழகிவிடும்’ என்ற வாதமும் ஆரியசாலையின் இரவுகளும்

தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்போருக்கு வண்டிச் சத்தம் நாளடைவில் பழகிப்போகும், பழகியபின் அது துன்பமாகவே இராது என்ற கருத்து வாடகை வீடு காட்டும் தரகரின் பேச்சிலும், அதிகாரிகளின் பதிலிலும், ரயிலைத் தாலாட்டாக வருணிக்கும் கதைகளிலும் திரைப்படங்களிலும் ஏறத்தாழ ஒரே சொற்களில் வந்துகொண்டிருக்கிறது. இக்கருத்துக்குப் பெரும் வலுவைத் தருகிறவர்கள் தண்டவாளத்தோரம் வாழ்கிறவர்களே. வண்டி போவது தங்கள் காதில் விழுவதே இல்லை என்று அவர்கள் சொல்லும்போது, வெளியிலிருந்து வந்தவர் மேற்கொண்டு பேசுவதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றுவது இயல்பு. ஆயினும், ஓர் ஓசை காதில் விழவில்லை என்பதும் அது உடலைப் பாதிக்கவில்லை என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முதற்கூற்றுக்கு வீட்டில் இருப்பவர் சாட்சி சொல்லலாம், இரண்டாவதற்கு அவர் தூங்கும்போது அவருடைய இதயத்துடிப்பை அளந்து பார்த்தவர்தான் சாட்சி சொல்ல முடியும். அளந்து பார்த்தவர்களின் முடிவுகள் அரை நூற்றாண்டாக வந்துகொண்டிருக்கும்போதும் பழைய வாதம் அசையாமல் நிற்பதற்குக் காரணம் அதன் உண்மை அன்று, அதன் வசதியே ஆகும்.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கத் திருவனந்தபுரத்தின் ஆரியசாலை பொருத்தமான இடம். தம்பானூரில் உள்ள மத்திய ரயில் நிலையத்தின் தென்புறத்தில் பவர் ஹவுஸ் சாலை ஓடுகிறது. அதற்கும் தெற்கே, கிழக்குக்கோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை சாலைக் கடைத்தெரு நீண்டு கிடக்கிறது. அக்கடைத்தெருவின் கிழக்குப் பகுதியில், கடைகளும் கோயிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் தெருக்களும் நெருங்கி நிற்கும் பகுதியே ஆரியசாலை. நிலையத்திலிருந்து நாகர்கோவிலை நோக்கிப் புறப்படும் பாதை இதன் அருகாகவே சென்று கரமனை வழியாக நேமத்தை அடைகிறது. எனவே இங்குள்ளோர் கேட்பது திறந்த வெளியில் விரைந்து மறையும் வண்டியின் ஓசையை அன்று. ஒரு பெரிய நிலையத்தின் வாசலில் வண்டிகள் வேகம் குறைவதும், தடம் மாறுவதும், சிக்னலுக்காக நிற்பதும், ஊதிவிட்டுப் புறப்படுவதுமான ஓசைகளை. இந்த வேறுபாடு முக்கியமானது. பின்னர் மீண்டும் பேசப்படும்.

முதலில், பழக்கம் பற்றிய வாதத்துக்குத் துணையாக எப்போதும் வரும் மற்றொரு வாதத்தைத் தீர்த்துவிடலாம். தண்டவாளம் அங்கே முன்பே இருந்தது, தெரிந்தே அதன் அருகில் வந்து குடியேறியவர் முறையிட உரிமையற்றவர் என்பது அது. ஆரியசாலையைப் பொறுத்தவரை இது வரலாற்றைத் தலைகீழாகப் பிடிப்பதாகும். சாலைக் கடைத்தெரு, கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் திவானாக இருந்த ராஜா கேசவதாசன் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாக்கியது. நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியுடன் ஊர்வலமாக வரும் வேளிமலைக் குமாரசுவாமி தங்குவது ஆரியசாலைக் கோயிலில்தான். அவ்வழக்கம் திருவிதாங்கூர் அரசர் காலத்தது. கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மீட்டர்கேஜ் பாதை வந்தது 1918-இல். அதுவும் நகரின் மறுகோடியில், சாக்கைப் பகுதியோடு நின்றுவிட்டது. தம்பானூர் வரை பாதை நீண்டது 1931-இல். அகலப்பாதை 1976-இல் வந்தது. தெற்கே நாகர்கோவில், கன்னியாகுமரிக்குப் பாதை திறக்கப்பட்டது 1979-இல். அதாவது ஆரியசாலையை ஒட்டி வண்டிகள் தெற்கே ஓடத் தொடங்கி அரை நூற்றாண்டுகூட நிறையவில்லை. தெருவின் வயதோ இரு நூற்றாண்டுகளுக்கு மேல். இங்கே வந்து குடியேறியது எது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

பின்னால் வந்து குடியேறியவர்கள் என்றே வைத்துக்கொண்டாலும் வாதம் நிற்காது. 1879-இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன் வழக்கில், ஒரு மிட்டாய் தயாரிப்பாளர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் உரல்களில் இடித்துவந்த ஓசை, பக்கத்து மனையில் ஒரு மருத்துவர் புதிதாக ஆலோசனை அறை கட்டிய பிறகே தொல்லையாயிற்று. நீதிமன்றம் மருத்துவர் பக்கமே நின்றது. தொல்லை இருக்கும் இடத்துக்குத் தாமாக வந்தவர் என்பது எதிர்வாதமாகாது என்ற இக்கோட்பாடு, 2014-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தாலும் கவென்ட்ரி எதிர் லாரன்ஸ் வழக்கில் உறுதிசெய்யப்பட்டது. இந்தியத் தீங்கியல் சட்டம், அதாவது ஒருவர் செயலால் மற்றொருவருக்கு நேரும் உரிமையியல் கேட்டைப் பற்றிய சட்டம், இதே மரபில் வளர்ந்தது.

இனிப் பழக்கத்துக்கு வரலாம். உறக்க ஆய்வில் பழக்கம் என்பதற்கு ஒரு திட்டமான பொருள் உண்டு: ஒரே தூண்டல் மீண்டும் மீண்டும் வரும்போது அதற்கான எதிர்வினை படிப்படியாகக் குறைவது. ஓசைக்கு உடல் தரும் எதிர்வினை ஒன்றல்ல, பல; விழித்துக்கொள்வது ஒன்று, காலையில் அதை நினைவுகூர்வது மற்றொன்று, விழிக்காமலேயே இதயத்துடிப்பு விரைவதும் ரத்தக் குழாய்கள் சுருங்குவதும் வேறொன்று. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் அலைன் முஸே முதலியோர் நடத்திய சோதனைகள் காட்டியது, இவை ஒன்றாகப் பழகுவதில்லை என்பதையே. ஓசையுள்ள அறையில் தூங்கியவர்கள் சில நாட்களிலேயே குறைவாக விழித்தார்கள், தூக்கம் சரியாயிருப்பதாகவும் சொன்னார்கள். ஆனால் ஒவ்வோர் ஓசைக்கும் அவர்களின் இதயம் காட்டிய துள்ளல் இரவுகள் பல கடந்தும் குறையவில்லை. ஆழ்ந்த உறக்கத்திலும் செவி மூடிக்கொள்வதில்லை என்பதே இதன் அடிப்படை. கண்ணுக்கு இமை உண்டு, செவிக்கு அப்படி ஒன்றில்லை. வந்த ஒலி ஆபத்தைக் குறிக்குமா என்று மூளையின் அடித்தளப் பகுதிகள் உறக்கத்திலும் ஆராய்கின்றன, அதற்கேற்ப உடலை ஆயத்தப்படுத்தும் சுரப்புகள் ரத்தத்தில் கலக்கின்றன, தூங்குகிறவர் இதில் எதையும் அறிவதில்லை. ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ரயிலோசைப் பதிவுகள் ஒலிக்க இரவில் தூங்கிய ஆரோக்கியமான தன்னார்வலர்களின் ரத்தக் குழாய்கள், ஓட்டம் கூடும்போது விரிந்துகொடுக்கும் திறனில் மறுநாள் காலை குறைவு காட்டின. அவர்களில் யாரும் நோயாளிகள் அல்லர்.

பழக்க வாதத்தின் ஆதரவாளர்கள் இந்த இடத்தில் ஒரு கதையைக் கொண்டுவருவது வழக்கம். நியூயார்க்கின் மூன்றாம் அவென்யூவில் ஓடிய உயர்பாதை ரயில் 1955-இல் மன்ஹாட்டனில் நிறுத்தப்பட்டபின், அத்தெருவில் வாழ்ந்தவர்கள் நள்ளிரவில் விழித்து ஏதோ விபரீதம் என்று காவல்துறைக்குத் தொலைபேசியில் சொன்னார்களாம். அழைப்புகள் வந்த நேரங்களைப் பார்த்தபோது அவை முன்பு வண்டிகள் கடந்துபோன நேரங்களாக இருந்தனவாம். நரம்பியல் அறிஞர் கார்ல் பிரிப்ரம் எடுத்துச் சொன்னதால் புகழ்பெற்ற இக்கதையை, ஓசையில்லாமல் தூங்கவே முடியாத அளவுக்கு மனிதர் அதனோடு ஒன்றிப்போகிறார்கள் என்பதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். வண்டி ஓடாத இரவில் உறக்கம் வருவதில்லை என்று தண்டவாளத்தோரத் தமிழர்கள் சொல்வதும் இதன் உள்ளூர் வடிவமே. கதையை அப்படியே ஏற்றாலும் அது சொல்வது நேர் எதிரானது: வண்டி வரவேண்டிய நிமிடத்தைத் தூங்கும் மூளை கணக்கு வைத்துக் காத்திருந்தது என்றால், அம்மூளை அத்தனை ஆண்டுகளாக ஒவ்வொரு வண்டியையும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. இரவு முழுதும் கால அட்டவணையோடு காவல் காக்கும் மூளையை ஓய்வெடுத்த மூளை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இதைவிட உறுதியான சான்று அதே நகரத்துப் பள்ளி ஒன்றிலிருந்து கிடைத்தது. மன்ஹாட்டனின் வடமுனையில் உள்ள பி.எஸ். 98 என்ற தொடக்கப்பள்ளியின் ஒரு பக்கத்து வகுப்பறைகள் உயர்பாதையிலிருந்து 220 அடி தொலைவில் இருந்தன. ஏறத்தாழ நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை வண்டி கடக்கும், ஆசிரியர் பேச்சை நிறுத்துவார், வண்டி போனதும் விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பார். அர்லீன் பிரான்சாஃப்ட்டும் டென்னிஸ் மெக்கார்த்தியும் 1975-இல் வெளியிட்ட ஆய்வு, இப்படிப் போன நேரம் கற்பிக்கும் நேரத்தில் 11 சதவீதம் என்றது. அதே பள்ளியின் அமைதியான பக்கத்தில் படித்தவர்களோடு ஒப்பிட்டால், ஓசைப் பக்கத்துப் பிள்ளைகள் கீழ்வகுப்புகளில் வாசிப்புத் திறனில் மூன்று நான்கு மாதங்களும், ஆறாம் வகுப்பில் ஓராண்டுக்கு நெருக்கமாகவும் பின்தங்கியிருந்தனர். பழக்கம் என்பது வாதம் சொல்கிறபடி வேலை செய்திருந்தால் அதிகக் காலம் அங்கே இருந்த பிள்ளைகளே நன்றாகத் தேறியிருக்க வேண்டும். நடந்ததோ, வகுப்பு ஏற ஏற இடைவெளியும் ஏறியது. பின்னர் நகரப் போக்குவரத்துத் துறை தண்டவாளத்தின் அடியில் ரப்பர்த் தாங்கிகளைப் பொருத்தியது, கல்வித் துறை வகுப்பறைக் கூரைகளில் ஒலி உறிஞ்சும் பலகைகளைப் பதித்தது. 1981-இல் மீண்டும் ஆராய்ந்தபோது இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இடையில் வேறுபாடு காணப்படவில்லை. பிள்ளைகள் மாறவில்லை, தண்டவாளமும் கூரையும் மாறின. இந்த ஓர் ஆய்வு மட்டுமே வெளிவந்திருந்தாலும் பழக்க வாதத்தைப் பொதுக் கொள்கையின் அரங்கிலிருந்து நீக்கியிருக்க வேண்டும்.

ஆயினும் நேரில் கேட்டால் எல்லாரும் பழகிவிட்டது என்றுதானே சொல்கிறார்கள் என்ற கேள்வி எஞ்சுகிறது. யாரிடம் கேட்கப்படுகிறது என்பதில்தான் இதற்கு விடை இருக்கிறது. ஓசையைத் தாங்க முடியாதவர்களில் வசதி உள்ளவர் இடம் மாறிவிடுகிறார். தாங்க முடிந்தவரும், தாங்க முடியாவிட்டாலும் மாற வழியற்றவரும் மிஞ்சுகிறார்கள். பிற்பாடு அத்தெருவில் போய்க் கருத்துக் கேட்பவர், வெளியேறியவர்களைக் கணக்கில் சேர்க்காமலேயே முடிவுக்கு வருகிறார். புள்ளியியலில் தெரிவுப் பிழை எனப்படும் தவறு இதுவே. மிஞ்சியவரின் பதிலிலும் ஒரு தற்காப்பு உண்டு. மாற்ற முடியாத ஒன்றைப் பற்றி நாள்தோறும் மனம் நோவது வீண் என்று கண்டவர் அதை மறந்தவராகச் சொல்வது மனித இயல்பு. அந்தப் பெருந்தன்மையை மருத்துவச் சான்றிதழாக மாற்றிக்கொள்வது நிர்வாகத்தின் இயல்பு.

ஒரு நாடு இந்த வாதத்தைச் சட்டமாகவே எழுதிப் பார்த்தது. ஒரே சராசரி அளவில் சாலை ஓசையைவிட ரயிலோசை மக்களுக்குக் குறைந்த எரிச்சலையே தருகிறது என்று ஐரோப்பியக் கருத்தாய்வுகள் காட்டியதை வைத்து, ஜெர்மனி 1990-இல் கொண்டுவந்த போக்குவரத்து ஓசை விதிகளில் ரயிலின் அளவீட்டிலிருந்து 5 டெசிபலைக் கழித்துக்கொள்ள அனுமதித்தது. இதற்கு ரயில் சலுகை என்று பெயர். டெசிபல் என்பது மடக்கை அளவு: 10 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகிறது, காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகப் படுகிறது, ஆகவே 5 டெசிபல் சிறிய தள்ளுபடி ஆகாது. அந்தக் கருத்தாய்வுகள் பொய்யல்ல, எரிச்சலைப் பற்றிய அளவில் அவை நேர்மையானவையே. ஆனால் வீடுகள் பாதைக்கு மிக நெருக்கமாக உள்ள ஜப்பானிலும் கொரியாவிலும் செய்த ஆய்வுகளில் அச்சலுகைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இரவுச் சரக்கு வண்டிகள் பயணிகள் வண்டிகளைவிட அதிகம் எழுப்பிவிடுகின்றன என்று ஜெர்மானிய விண்வெளி ஆய்வு மையத்தின் உறக்க ஆய்வே கண்டது. ரயில் சலுகை 2015 ஜனவரி 1 முதல் அந்நாட்டில் புதிய ரயில் திட்டங்களுக்கு நீக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பியப் பகுதிக்காக 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரவு வரம்பு சாலைக்கு 45 டெசிபல், ரயிலுக்கு 44. பகல், மாலை, இரவு மூன்றையும் சேர்த்த அளவில் ரயிலுக்கு ஒரு டெசிபல் தாராளம், இரவுக்கு மட்டுமான அளவில் ஒரு டெசிபல் இறுக்கம். சலுகை கொடுத்தவர்கள் கொடுத்த கையாலேயே திரும்பப் பெற்ற இந்த வரலாறு இங்கே பழக்கம் பேசுவோரின் காதுக்கு இன்னும் எட்டவில்லை.

இந்தியச் சட்டம் வேறொரு வகையில் இவ்விஷயத்தைத் தவறவிடுகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபலையும், வணிகப் பகுதிக்குப் பகலில் 65, இரவில் 55 டெசிபலையும் வரம்பாக வைக்கின்றன; இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. இவை சராசரிகள், அதாவது ஒரு கால அளவில் வந்த ஒலியாற்றல் முழுவதையும் அக்காலம் நெடுகப் பரப்பி வைத்தால் கிடைக்கும் எண்கள். 90 டெசிபலில் மூன்று நொடி ஊதும் ஒரு ஹாரனை எட்டு மணி நேர இரவின்மேல் பரப்பினால் ஏறத்தாழ 50 டெசிபல்தான் வரும். ஆரியசாலை, கடைத்தெருவை ஒட்டியதென்று வணிகப் பகுதியாக வகுக்கப்பட்டால், படுக்கையில் இருப்பவரை எழுப்பி உட்காரவைத்த அந்த ஊதல் சட்டத்தின் கண்ணில் குற்றமற்றதாகிவிடும். உறங்குகிறவர் சராசரியைக் கேட்பதில்லை, தனித்தனி நிகழ்வுகளையே கேட்கிறார் என்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே படுக்கையறைக்குள் எந்த ஒரு நிகழ்வின் உச்சமும் 45 டெசிபலைத் தாண்டலாகாது என்று தனியாகக் கூறியது. விதிகளின் அட்டவணையிலோ ரயிலுக்கென ஒரு வரியும் இல்லை.

கடைத்தெருவில் இல்லாத சத்தமா என்று கேட்பவருக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. பகலில் அவர் சொல்வது சரி: 70 டெசிபல் இரைச்சலோடு 60 டெசிபல் ஓசை சேர்ந்தால் மொத்தம் அரை டெசிபல்கூடக் கூடாது. மூட்டை இறக்கும் லாரியும் விலை கூவும் குரலும் ஆட்டோவும் ரயிலை விழுங்கிவிடும். ஆனால் கடைகள் அடைத்தபின் பின்னணி ஓசை தாழ்கிறது, ரயிலோசை தாழ்வதில்லை. எழுப்பிவிடுவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உயரமே. கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவருக்குப் பகலும் ஓய்வில்லை என்பது அவருக்கு இரவில் கூடுதல் பாதுகாப்புத் தருவதற்கான காரணம். குறைவான பாதுகாப்புத் தருவதற்கானதாக அது விதிகளில் மாறியிருப்பது விந்தை.

பழக்க வாதம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் உளவியலைவிடச் சட்ட வரலாறே தெளிவான விடை தருகிறது. 1869-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, ஹாமர்ஸ்மித் ரயில்வே எதிர் பிராண்ட் வழக்கில், வண்டிகள் ஓடும் அதிர்வால் மதிப்பிழந்த வீட்டின் உரிமையாளருக்கு இழப்பீடு கிடையாது என்று தீர்த்தது. வண்டி ஓட்ட நாடாளுமன்றம் சட்டமியற்றி அனுமதித்துவிட்டதால், கவனக்குறைவின்றி ஓட்டுவதால் தவிர்க்க முடியாமல் விளையும் தொல்லைக்கு ரயில்வே பொறுப்பில்லை என்பது அதன் சாரம். சட்ட அதிகாரம் என்ற இந்தப் பாதுகாப்பு பேரரசின் ரயில்வேக்கள் சென்ற நாடெங்கும் உடன் சென்றது. பொறுப்பில்லை என்று சொல்வதற்கு ஒரு நீதிமன்றம் வேண்டும். உனக்குப் பழகிவிடும் என்று சொல்வதற்கு எதுவும் வேண்டாம். இரண்டாவது, முதலாவதன் மலிவுப் பதிப்பு. தவிர்க்க முடியாமல் என்ற சொல்லையாவது அந்தத் தீர்ப்பு வைத்திருந்தது. 1869-இல் தவிர்க்க முடியாதிருந்தவற்றில் எத்தனை இன்றும் அப்படியே இருக்கின்றன என்று கேட்க அது இடம் தருகிறது. பழக்க வாதம் அந்தக் கேள்வியையே எழவிடுவதில்லை. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் தந்த ஒலி மாசுத் தீர்ப்பு, அமைதியாக வாழ்வதை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமையின் பகுதியாகக் கண்டது. ஒலிபெருக்கிக்கும் பட்டாசுக்கும் வாகன ஹாரனுக்கும் எதிராக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் அத்தீர்ப்பு, தண்டவாளத்தின் ஓரத்துக்கு வரும்போது மட்டும் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது.

தவிர்க்கக்கூடியவை எவை என்று பார்க்க வேண்டும். ரயிலோசையின் பெரும்பகுதி சக்கரமும் தண்டவாளமும் உரசும் இடத்தில் பிறக்கிறது. இரண்டின் பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உண்டு, அவை அதிர்வை எழுப்புகின்றன, வேகம் இரட்டித்தால் இந்த உருளொலி ஏறத்தாழ 9 டெசிபல் கூடும். சக்கரத்தின் விளிம்பில் நேராக அழுத்தும் வார்ப்பிரும்புப் பிரேக் கட்டைகள் ஒவ்வொரு முறையும் அதைச் சொரசொரப்பாக்குகின்றன. இதைக் கண்டே சுவிட்சர்லாந்து 2020 ஜனவரி முதலும், ஜெர்மனி அதே ஆண்டு டிசம்பர் முதலும் அவ்வகைப் பிரேக் கொண்ட சரக்குப் பெட்டிகளைத் தம் பாதைகளில் தடைசெய்தன. கூட்டுப்பொருள் கட்டைக்கு மாறினால் ஓசை 10 டெசிபல் அளவுக்குக் குறையும். இந்தியாவில் பழைய ஐ.சி.எஃப். வகைப் பயணிகள் பெட்டித் தயாரிப்பு 2018-இல் நிறுத்தப்பட்டு, வட்டுப் பிரேக் கொண்ட எல்.எச்.பி. பெட்டிகள் இடம்பிடித்துவருவது இவ்வகையில் நல்ல செய்தி. பிரேக் பூட்டிச் சறுக்கியதால் தட்டையான சக்கரங்களைக் கண்டுபிடிக்கும் கருவிகளும், தண்டவாளத்தைத் தேய்த்துச் சீராக்கும் இயந்திரங்களும் இந்திய ரயில்வேயிடம் உள்ளன. பாதுகாப்புக்காகவும் பராமரிப்புச் செலவுக்காகவும் வாங்கிய இவையே ஓசையையும் குறைக்கும். எந்தப் பகுதிக்கு முதலில் அனுப்புவது என்று முடிவெடுக்கும்போது அருகில் எத்தனை வீடுகள் உள்ளன என்பதும் கணக்கில் வந்தால் போதும்.

ஆனால் ஆரியசாலையில் வண்டிகள் மெதுவாகச் செல்வதால் உருளொலி அங்கே முதற்குற்றவாளி அன்று. தடம் மாறும் பாயின்டுகளில் சக்கரம் இடைவெளியைத் தாண்டி மோதும் ஓசை, பிரேக்கின் கீச்சொலி, நின்றபடி உறுமும் டீசல் என்ஜின், பெட்டிகளுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர் வண்டி, எல்லாவற்றுக்கும் மேலாக ஹாரன் ஆகியவையே அங்கே பேசப்பட வேண்டியவை. ஜெனரேட்டர் ஓசைக்கு விடை வந்துவிட்டது: மேல்நிலை மின்கம்பியிலிருந்து என்ஜின் வழியாகவே பெட்டிகளுக்கு மின்சாரம் தரும் முறை பரவ, நிலையத்தில் டீசல் ஜெனரேட்டர் முழங்கும் தேவை குறைகிறது. எரிபொருள் மிச்சத்துக்காகச் செய்யப்பட்ட இம்மாற்றம், தவிர்க்க முடியாதது என்று பல்லாண்டு சொல்லப்பட்ட ஓர் ஓசை எவ்வளவு எளிதில் தவிர்க்கக்கூடியது என்பதைக் காட்டிவிட்டது.

ஹாரனைப் பற்றிக் கேட்டால் உயிர்காப்பு என்ற பதில் வரும். அதை இலேசாக ஒதுக்க முடியாது. பாதையில் ஆள் நிற்கும்போது ஊதாமல் போகும் ஓட்டுநரை யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் ஆள் ஏன் பாதையில் நிற்கிறார் என்ற கேள்வியும் உண்டு. கடக்க வழியில்லாத இடத்தில் மக்கள் தண்டவாளத்தின் குறுக்கே நடக்கிறார்கள், நடக்கிறார்கள் என்பதால் ஓட்டுநர் ஊதுகிறார், ஊதுவதால் நடப்பவரைவிடப் பன்மடங்கு பேர் தூக்கமிழக்கிறார்கள். அகலப்பாதையில் ஆளில்லாக் கடவுகள் அனைத்தும் 2019 ஜனவரிக்குள் நீக்கப்பட்டபோது, அக்கடவுகளுக்காக ஊதவேண்டிய கட்டாயமும் அங்கெல்லாம் நீங்கியது. நிலையத்தின் வாசலில் இதற்கு இணையானது நடை மேம்பாலமும், பாதையின் இருபுறமும் தொடர்ச்சியான சுவரும். அச்சுவர் சக்கரத்துக்கும் சன்னலுக்கும் இடையிலான நேர்கோட்டை மறைக்கும் உயரத்தில் கட்டப்பட்டால் அதுவே ஒலித்தடுப்பும் ஆகும். கீழ்த்தளங்களுக்கு 5 முதல் 10 டெசிபல் வரை குறைப்பது எதிர்பார்க்கத்தக்கதே. ஒற்றை வரிசை மரம் நட்டு ஓசை குறைந்ததாக அறிவிப்பது அப்படிப்பட்டதன்று. பல மீட்டர் ஆழத்துக்கு அடர்ந்த தோப்பு இல்லாமல் மரங்கள் ஓசையை மறைப்பதில்லை, பாதையைக் கண்ணுக்குத்தான் மறைக்கின்றன.

இவற்றை விட்டுவிட்டுக் குடியிருப்பவருக்கு வழங்கப்படும் அறிவுரைகள் இரண்டு: காதில் அடைப்பான் வைத்துக்கொள், சன்னலைச் சாத்து. முதலாவது, இரவில் அழும் குழந்தையையும் கூப்பிடும் முதியவரையும் கேட்கவேண்டிய தாய்க்குப் பொருந்தாது. இரண்டாவது, குளிர்நாட்டிலிருந்து அப்படியே எடுத்த அறிவுரை. மூடிய சன்னல் தரும் காப்பு, பாதி திறந்த சன்னல் தருவதைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ அதிகம் என்பது உண்மை. ஆனால் திருவனந்தபுரத்தின் புழுக்கத்தில் மூடிய அறை என்பது குளிர்சாதனம் வாங்கி அதற்கு மாதந்தோறும் மின்கட்டணம் செலுத்தக்கூடியவருக்கே உறங்கும் அறையாகும். காற்றுக்காக முற்றமும் வாசற்படிக்கு மேல் திறப்பும் வைத்துக் கட்டிய பழைய தெருவீடுகளில் சாத்த வேண்டியது ஒரு சன்னல் மட்டும் அன்று. ஓசையை உண்டாக்கியவரின் செலவு இவ்வாறு கேட்கிறவரின் மின்கட்டணத்துக்கு மாற்றப்படுகிறது.

ரயிலோசையைப் பற்றிப் பேசுவது ரயிலையே எதிர்ப்பதாகும் என்பது கடைசியாக வரும் வாதம். ஜப்பானின் நகோயா நகரில் ஷின்கான்சென் எனும் அதிவேக ரயிலின் பாதையை ஒட்டி வாழ்ந்த 575 பேர் 1974-இல் வழக்குத் தொடுத்தபோதும் இதே குற்றச்சாட்டு எழுந்தது. நாட்டின் பெருமைக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்றார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்த 1975-லேயே அந்நாட்டு அரசு குடியிருப்புப் பகுதிகளுக்கு 70 டெசிபல் என ஷின்கான்சென்னுக்குத் தனி வரம்பை அறிவித்தது. 1986-இல் உடன்பாட்டில் வழக்கு முடிந்தது. வண்டிகள் நிற்கவில்லை, இன்று அதே பாதையில் அன்றைவிட விரைவாகவும் அன்றைவிட ஓசை குறைவாகவும் ஓடுகின்றன. இந்தியாவிலும் இது அறியாத தொழில்நுட்பமன்று: டெல்லி மெட்ரோ தன் உயர்பாதையில் குடியிருப்புகளை ஒட்டிய இடங்களில் ஒலித்தடுப்புப் பலகைகளை நிறுவியிருக்கிறது, மெட்ரோக்களின் ஓசைக்கும் அதிர்வுக்குமான வழிகாட்டுதலை ரயில்வேயின் ஆய்வு, வடிவமைப்பு அமைப்பே 2015-இல் வகுத்திருக்கிறது. மெட்ரோவின் பக்கத்து வீட்டுக்காரருக்கு உள்ள காதும் இதயமுமே பழைய ரயில்வேயின் பக்கத்து வீட்டுக்காரருக்கும் உள்ளன.

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரையிலான சுமார் 87 கிலோமீட்டர் ஒற்றைப் பாதையை இரட்டிப்பாக்கும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டிருப்பதால், ஆரியசாலைக்கு இது ஏட்டளவுக் கேள்வியாக இல்லை. இரண்டாம் பாதை வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டும், ஒரு பக்கத்து வீடுகளுக்குத் தண்டவாளத்தை இன்னும் நெருக்கமாகக் கொண்டுவரும். நிலம் எடுத்து, மண் நிரப்பி, புதுச் சுவர் எழுப்பும் இக்காலமே தடுப்புச் சுவருக்கும் தண்டவாளத்தின் அடியில் இடும் ரப்பர்த் தாங்கிக்கும் மிகக் குறைந்த செலவாகும் காலம். முடிந்த பாதையைப் பிறகு பெயர்த்துச் செய்வதற்குப் பன்மடங்கு ஆகும். ஆயினும் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் விமான நிலையங்களும் நெடுஞ்சாலைகளும் உண்டு, ரயில் பாதைகள் இல்லை; ஆகவே வேலை தொடங்குமுன் இரவு ஓசையை அளந்து பதிவுசெய்யவோ அதைப் பற்றிக் குடியிருப்போரைக் கூட்டிக் கேட்கவோ அந்த அறிவிக்கை யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயம் இல்லாததைத் தாமாகச் செய்வதற்கு ரயில்வேக்கும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் தடை ஏதும் இல்லை. பாதையை ஒட்டிய சில வீடுகளின் படுக்கையறைகளில் ஓரிரு வாரம் அளவுமானி வைத்து, சராசரியோடு ஒவ்வொரு வண்டியின் உச்சத்தையும் குறித்து, இரண்டாம் பாதையில் வண்டி ஓடுமுன் அந்த அளவுகளைப் பகிரங்கமாக வெளியிடுவதற்குப் புதிய சட்டமும் பெரும் பணமும் தேவையில்லை.